விழுப்புரத்தில் கம்பி எங்கே?

நாலு மாசமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம் என்று வழக்கம்போலச் சொல்லிவிடலாம். ஆனால் உண்மை வேறு. எங்கள் புனே ஃபிளாட்டின் மூன்றாவது ரூமில், எட்டடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை மேல் நான் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தேன். ஊர் விழுப்புரம். வருஷம் 1972. தங்கமணி அந்த ரூமுக்கு வைத்திருக்கும் பெயர் 'கூட்ஸ் ஷெட்'. விருந்தாளி யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுவார்.

மாடல் ரயில் என்றால் கடையில் விற்கும் சாவி கொடுத்த பொம்மை ரயில் இல்லை மக்களே. நிஜ இன்ஜினை அளந்து, 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வது. இதற்கு ஹெச்.ஓ. ஸ்கேல் என்று பெயர். மேலைநாட்டு நிஜப் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் தண்டவாளம் எல்லாம் இந்த அளவுதான். நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர்; அதற்கு 19.3 வேண்டும், அது ரெடிமேடாகக் கிடைக்காது. மீட்டர்கேஜுக்கு 11.5 வேண்டும். இங்கே ஒரு சின்ன அதிர்ஷ்டம்: டி.டி. என்று இன்னொரு ஸ்கேல் இருக்கிறது, அதன் பாதை 12 மில்லிமீட்டர். அந்த சேசிஸை வாங்கி, அதன் மேல் நம் ஊர் இன்ஜினின் பாடியை 3டி பிரிண்டரில் அடித்து மாட்டினால், அரை மில்லிமீட்டர் பிசகில் மீட்டர்கேஜ் வந்துவிடும். நாலு மாசம் எங்கே போச்சு என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரோடு ரூமுக்குள் போனால், என் 1972 விழுப்புரம் முதல் பிளாட்பாரத்தில் வெள்ளையும் நீலமுமாக ஒரு வந்தே பாரத் நிற்கிறது. பொம்மை. சின்னவனின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. சக்கரம் பாதையில் உட்காரவே இல்லை, பாதி தண்டவாளத்திலும் பாதி ஜல்லியிலுமாக நிற்கிறது.

"டேய், எடுடா அதை. இது 1972. வந்தே பாரத் விழுப்புரத்துக்கு வந்ததே 2023 செப்டம்பர்ல. 51 வருஷம் முன்னாடியே கொண்டாந்து நிறுத்திட்ட."

"நம்ம ஊர்ல டிரெயின் எப்பவும் லேட்டுன்னு நீதானேப்பா சொல்லுவ? ஒண்ணு சீக்கிரம் வந்தா அதுக்கும் திட்டுற."

பதினோரு வயசுக்கு வாய் அதிகம். அம்மா பக்கத்து வழி.

ஆனால் என் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு என்றுதான் நினைத்தேன். மாடல் ரயில் உலகத்தில் காலம் என்பது பெரிய விஷயம். ஐரோப்பாவில் மாடல் ரயில் சங்கங்களின் கூட்டமைப்பான மோரோப் 1954-லிருந்து இருக்கிறது. அவர்கள் வகுத்த விதிகளில் ரயில் வரலாற்றையே காலக்கட்டங்களாகப் பிரித்து ரோமன் எண் போட்டிருக்கிறார்கள். ரயில் தொடங்கியதிலிருந்து சுமார் 1920 வரை ஒன்று. இரண்டாம் உலகப்போர் முடியும் வரை இரண்டு. 1970 வரை மூன்று. 1990 வரை நான்கு. அப்புறம் ஐந்து, ஆறு. ஜெர்மன் கம்பெனிகளின் பெட்டி மேலேயே இந்த எண் அச்சடித்திருக்கும். மூன்று என்று போட்ட இன்ஜினை ஐந்து என்று போட்ட பெட்டியோடு மாட்டினால் பெரிய தலைகள் முகம் சுளிப்பார்கள்.

நானும் பொட்டி தட்டுகிற ஆள் அல்லவா? உடனே எக்செல் திறந்து இந்தியாவுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தேன். முதலில் நீராவி, அப்புறம் டீசல், அதற்கப்புறம் மின்சாரம். மூன்று கலர், மூன்று கட்டம். என் லேஅவுட் முதல் கலரில் முழுசாக உட்கார்ந்திருந்தது. கரி இன்ஜின், செங்கல் நிறப் பெட்டிகள், கைகாட்டி சிக்னல், தண்ணீர்த் தொட்டி. சுத்தமான நீராவி விழுப்புரம். வேறெதுவும் கலக்கவில்லை.

அந்தச் சுத்தத்துக்கு ஆயுசு இரண்டு வாரம்தான்.

அப்பா ஊரிலிருந்து வந்தார். அப்பாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1966-ல் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, பிறகு டீசலுக்கு மாறி, 2004-ல் ரிட்டயர் ஆனவர். என் லேஅவுட் அவருக்கான சர்ப்ரைஸ். வந்த அன்று சாயந்திரமே ரூமுக்கு அழைத்துப்போய் லைட்டைப் போட்டேன். ஒய்.பி. இன்ஜின் ஆறு பெட்டியோடு கொஞ்சம் ஆடி ஆடி வந்து பிளாட்பாரத்தில் நின்றது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"கம்பி எங்கடா?"

"எந்தக் கம்பிப்பா?"

"மேல போற கரண்டுக் கம்பி. பட்டணத்துலேர்ந்து எலெக்ட்ரிக் இன்ஜின் வந்து இங்கதானே கழட்டுவாங்க? அப்புறம்தானே எங்க வண்டிய மாட்டுவாங்க?"

"அப்பா, இது 1972. ஸ்டீம் காலம்."

"ஆமாடா, 72-தான். நான்தானே கரி அள்ளிப் போட்டேன். மேல கம்பி இருக்கு, டெண்டர் மேல ஏறாதே, ஏறாதேன்னு டிரைவர் தினம் கத்துவார். கரியை முன்னால தள்ளணும்னா மேல ஏறித்தான் தள்ளணும். ஏறினா ஆள் கரிக்கட்டை. கம்பி இல்லாத இடம் வர்ற வரைக்கும் கீழேர்ந்தே சமாளிக்கணும். கம்பி இல்லையாமில்ல!"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தகவல் தெரியாமல் போனதற்காக மட்டும் இல்லை. நான் பிறந்தது 1974. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அந்தக் கம்பியை நான் பத்து வருஷத்துக்கு மேல் தினமும் பார்த்திருக்கிறேன். அதில் பட்டம் மாட்டி உதை வாங்கியிருக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஊரை நினைக்கும்போது புகையும் விசிலும் ஞாபகம் வந்தது, கம்பி வரவில்லை. படத்துக்கு அது அழகில்லை என்று மனசே கழற்றி எறிந்துவிட்டது போல. கலப்படம் செய்யாதே என்று பையனைத் திட்டியவன், நடந்த ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் எக்செலை மூடிவிட்டு ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க என் மூன்று கலர் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன.

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது. தெற்கே 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. இது நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் முதல் மின்சார ரயில் எப்போது? 1925 பிப்ரவரி 3, பம்பாய் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு. சென்னையில் பீச்–தாம்பரம் மீட்டர்கேஜில் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. டீசலோ? மெயின்லைனில் பெரிய அளவில் டீசல் வந்தது 1960-களில்தான். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிடமிருந்து பிராட்கேஜுக்கு டபிள்யூ.டி.எம்-2, மீட்டர்கேஜுக்கு ஒய்.டி.எம்-4 வந்தன. வாரணாசி டீசல் தொழிற்சாலை முதல் இன்ஜினை 1964-ல் கொடுத்தது. ஆக, நம் நாட்டில் நீராவிக்கு அடுத்து வந்தது டீசல் இல்லை. மின்சாரம். முப்பது வருஷத்துக்கு மேல் முன்னால்.

சரி, நீராவி எப்போது முடிந்தது? சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-ல் தொடங்கியது. அங்கே மொத்தம் 2351 நீராவி இன்ஜின்கள் செய்தார்கள். பிராட்கேஜுக்கான கடைசி இன்ஜின் 1970-ல் வெளிவந்தது, பெயர் 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம். மீட்டர்கேஜுக்கான கடைசி ஒய்.ஜி. இன்ஜின் வந்தது 1972-ல். என் லேஅவுட்டின் அதே வருஷம்! மும்பையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்து 47 வருஷம் கழித்தும் நாம் புத்தம்புது கரி இன்ஜின் செய்துகொண்டிருந்தோம். வழக்கமான சேவையில் பிராட்கேஜின் கடைசி நீராவி வண்டி பஞ்சாபில் ஜலந்தருக்கும் ஃபிரோஸ்பூருக்கும் இடையே 1995 டிசம்பர் 6-ல் ஓடியது. மீட்டர்கேஜில் அதற்கு அப்புறமும் கொஞ்ச காலம் மூச்சு இருந்தது.

பிரிட்டன் கதை வேறு. அங்கே அரசு ரயில்வேக்காகச் செய்த கடைசி நீராவி இன்ஜின் 'ஈவினிங் ஸ்டார்', 1960-ல் வெளிவந்தது. ஐந்தே வருஷத்தில், 1965-ல், அதை ஓரம் கட்டிவிட்டார்கள். 1968 ஆகஸ்டில் நீராவியே முடிந்தது. ஒரே வெட்டு. அந்த மாதிரி நாட்டில் காலத்தைக் கட்டம் கட்டுவது சுலபம். அங்கேயும்கூட முழுச் சுலபம் இல்லை போலிருக்கிறது, மோரோப் விதிகளே நாட்டுக்கு நாடு தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. நான்தான் அதைக் கவனிக்காமல் ஜெர்மன் பெட்டியின் மேல் இருந்த எண்ணைப் பார்த்து விழுப்புரத்துக்குக் கலர் அடித்தவன்.

நாம் ஏன் ஒரே வெட்டாக வெட்டவில்லை? காசுதான். நிலக்கரி நம் மண்ணில் இருந்தது, டீசலுக்கு எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும், அன்னியச் செலாவணி கையில் இல்லை. கரி இன்ஜினை நாமே செய்யத் தெரிந்திருந்தது. கம்பி போட வேண்டுமென்றால் சப்ஸ்டேஷன், கம்பம் என்று முதலிலேயே கொட்ட வேண்டும். அதனால் எங்கே கூட்டமும் சரக்கும் அதிகமோ அங்கே மட்டும் புதுசு போட்டார்கள். அங்கிருந்து விடுபட்ட பழசு குப்பைக்குப் போகவில்லை, அடுத்த லைனுக்குப் போனது. அங்கே ஓடியது கிளைப்பாதைக்குப் போனது. நம் வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வந்த மாதிரி. தீபாவளி போட்டோவில் அண்ணன் புதுச்சட்டையில், தம்பி மூணு வருஷப் பழசில் நிற்பான். போட்டோ எடுத்தது ஒரே நாள்தான்.

விழுப்புரம் அந்தப் போட்டோதான். சென்னையிலிருந்து தாம்பரம் தாண்டி விழுப்புரம் வரை மீட்டர்கேஜில் 25,000 வோல்ட் கம்பி வந்தது 1960-களின் நடுவில். அதற்கென்றே ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம்-1 இன்ஜின்கள் இருபது வந்தன. (இந்தப் பெயர்களைப் படிப்பது சுலபம். ஒய் என்றால் மீட்டர்கேஜ், டபிள்யூ என்றால் பிராட்கேஜ். ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், டி என்றால் டீசல். பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும்.) கம்பி விழுப்புரத்தோடு நின்றது. அங்கிருந்து தெற்கே, மேற்கே, பாண்டிச்சேரிப் பக்கம் எல்லாம் கரியும் டீசலும். ஆக ஒரே ஸ்டேஷனில், ஒரே மத்தியானத்தில், மின்சார இன்ஜின் கழன்று போகும், கரி இன்ஜின் வந்து மாட்டும், பக்கத்து லைனில் டீசல் உறுமிக்கொண்டு நிற்கும். என் எக்செல் கணக்குப்படி இவை மூன்று காலங்கள். அப்பாவுக்கு அது ஒரு டூட்டி ஷிஃப்ட்.

"புனேல இதெல்லாம் இல்லியா தாத்தா?" என்று சின்னவன் கேட்டான். அவனுக்கு விழுப்புரம் என்பது வருஷத்துக்கு ஒரு முறை போகும் வெயில். அவன் ஊர் புனே. தாத்தாவுக்கு இந்த ஊர் தெரியாது, எனவே கேள்வி என்னிடம் வந்தது.

புனே இன்னும் மோசம் (அல்லது இன்னும் அழகு). டெக்கான் குயின் 1930 ஜூன் 1-ல் ஓட ஆரம்பித்தபோதே அதை இழுத்தது மின்சார இன்ஜின். போர்காட் மலை ஏற்றத்துக்காக அங்கே அவ்வளவு சீக்கிரம் கம்பி போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கம்பி புனேயோடு முடிந்தது. தௌண்ட் பக்கம் போக நீராவி. மிரஜ் பக்கம் போக மீட்டர்கேஜ் நீராவி. அந்தப் பாதை பிராட்கேஜாக மாறியது 1971-ல்தான். அதனால் 1960-ல் ஒருவர் புனே ஸ்டேஷனில் நின்றிருந்தால், இரண்டு அகலத் தண்டவாளத்தையும், மின்சாரத்தையும் புகையையும் கழுத்தைத் திருப்பினாலே பார்த்திருப்பார். சின்னவனுக்கு ஒரே சந்தோஷம். தன் ஊர் தாத்தா ஊரை ஜெயித்துவிட்டதாம்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எதோடும் கலக்கலாமா? வந்தே பாரத்தை நிறுத்தியவன் செய்தது சரியா? இல்லை. இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நிஜ ரயில்வேயும் கலக்கிறது. ஆனால் அதற்குக் கறாரான விதி இருக்கிறது.

முதல் விதி, பாதையின் அகலம். ஒரே ஸ்டேஷனில் பக்கத்தில் நிற்கலாம், ஒரே தண்டவாளத்தில் முடியாது. 1992-ல் எல்லாப் பாதையையும் ஒரே அகலமாக்கும் திட்டம் தொடங்கிய பிறகு மீட்டர்கேஜில் நல்ல நிலையில் இருந்த இன்ஜின்கள்கூட வேலை இழந்தன. வயசானதால் இல்லை, நடக்க வழி இல்லாததால்.

இரண்டாவது, பிரேக். பழைய பெட்டிகளில் வேக்குவம் பிரேக், குழாயில் காற்றை உறிஞ்சிச் செயல்படுவது. பிறகு ஏர் பிரேக் வந்தது, காற்றை அழுத்திச் செயல்படுவது. இரண்டையும் அப்படியே மாட்டி ஓட்ட முடியாது. நாம் சின்ன வயசில் பார்த்த செங்கல் நிறப் பெட்டிகள் 1990-களில் நீலமாக மாறினதே, ஏர் பிரேக் பெட்டி என்று அடையாளம் தெரிவதற்கும் அது உதவியது. நான் அதை வெறும் பெயின்ட் மாற்றம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாவது, கப்ளிங். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2-ல் தொடங்கியது. சுவிஸ் நாட்டு வடிவமைப்பு. அந்தப் பெட்டிகளைக் கொக்கியும் திருகும் வைத்து மாட்டுவார்கள், இரண்டு பக்கமும் பஃபர் இருக்கும். 2000 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.ஹெச்.பி. பெட்டிகளில் நடுவில் ஒரே கை, தானாகக் கவ்விக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று சேராது. பழைய வடிவமைப்பில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் பெரம்பூரிலிருந்து வெளிவந்தது. அப்புறமும் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்து லைனில் ஓடின, ஆனால் கை கோர்க்கவில்லை. மாடல் ரயிலிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் கொக்கி ஒரு மாதிரி, ஐரோப்பிய வளையம் ஒரு மாதிரி, அமெரிக்கக் கை ஒரு மாதிரி. மாற்றி மாட்டாமல் கலக்க முடியாது.

ஆக, எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எந்த ஊர், எந்தப் பாதை, எந்த நாள், இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும். அந்த நாளில் அந்த ஊரில் இரண்டும் இருந்ததா? இருந்தால் எத்தனை வயசு வித்தியாசமானாலும் சேர்த்து நிறுத்தலாம். இல்லையென்றால் இரண்டு வருஷ வித்தியாசம்கூடப் பொய்தான். கரி இன்ஜினுக்குப் பின்னால் நீலப் பெட்டி மாட்டினால், ஸ்டேஷன் வாசலில் மாருதி 800-ஐ 1972-ல் நிறுத்தினால் (அது வந்தது 1983 டிசம்பரில்), 1972 பெட்டியின் போர்டில் சென்னை எழும்பூர் என்பதை ஆங்கிலத்தில் 'சென்னை' என்றே எழுதினால் (ஆங்கிலத்தில் மெட்ராஸ் சென்னையானது 1996-ல்), பார்க்கத் தெரிந்தவனுக்கு உறுத்தும். கடைசியில் சொன்ன தப்பை நானே செய்திருந்தேன். ராவோடு ராவாகத் திருத்திவிட்டேன், யாரும் பார்க்கவில்லை, ஹிஹி.

போன மே மாசம் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். அப்போது நான் சரியாகப் பார்க்காத ஒன்று இப்போது உறைக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவது எக்ஸ் வகை நீராவி இன்ஜின். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914-லிருந்து செய்ய ஆரம்பித்த வடிவம். கல்லாறுக்கு மேல் நடுவில் பல்சக்கரப் பாதை. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு, அதே பெட்டிகளை ஒய்.டி.எம்-4 டீசலில் மாட்டி ஊட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். விழுப்புரத்தில் அப்பா பார்த்த மாற்றத்தை என் பிள்ளைகள் குன்னூரில் வடை தின்றுகொண்டே பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த எக்ஸ் இன்ஜின்களில் சில, திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் 2011-லிருந்து புதிதாகச் செய்தவை. பழைய வடிவம், புது இரும்பு, கரிக்குப் பதில் எண்ணெய். அதை எந்தக் காலத்துப் பெட்டியில் போடுவீர்கள்?

சேர்ந்து ஓடாததைச் சேர்த்து வைக்கவும் ஒரு இடம் உண்டு. அது மியூசியம். இங்கே புனே கோத்ரூடில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில் மியூசியம், 1998-ல் திறந்தது. ஒரே குட்டி நகரத்தில் நீராவி வண்டியும் நவீன வேக ரயிலும் தொங்கிப் போகும் ரயிலும் சேர்ந்து ஓடும். முதல் தடவை பார்த்தபோது நான் உள்ளுக்குள் முகம் சுளித்தேன். இப்போது இல்லை. ரயில் எங்கே ஆரம்பித்து எங்கே வந்தது என்று காட்டுவதுதான் அதன் வேலை, இது இன்ன ஊர், இன்ன நாள் என்று அது சொல்லவே இல்லை. ரயில்வேயே இதைச் செய்திருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸில் 1855-ல் செய்த 'ஃபேரி குயின்' இன்ஜினை 1997-ல் மறுபடி உயிர்ப்பித்து டெல்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓட்டினார்கள். 142 வயசு இன்ஜின், புதுக்காலத் தண்டவாளத்தில். அது பொய் இல்லை, நிஜமாகவே அந்த நாளில் நடந்தது. மாடல்காரர்கள் எதையாவது தப்பாகக் கலந்துவிட்டால் "இது ஹெரிடேஜ் ஸ்பெஷல்" என்று தப்பிப்பது இந்த ஓட்டையில்தான்!

ஆனால் நான் விழுப்புரம் 1972 என்று போர்டு மாட்டியிருந்தேன். போர்டு மாட்டிய பிறகு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்த ஒரு வாரம் அப்பாவும் பேரனும்தான் கம்பி போட்டார்கள். சைக்கிள் ஸ்போக்கில் கம்பம், மெல்லிய செப்புக் கம்பி. எந்த லைன் மேல் கம்பி, எது வெறும் லைன் என்று அப்பா படம் வரைந்து கொடுத்தார். பேரனுக்கு முழுசாக விளங்காத தமிழில் தாத்தா சொல்ல, தாத்தாவுக்கு விளங்காத மராத்தி கலந்த ஆங்கிலத்தில் பேரன் கேட்க, வேலை எப்படியோ நடந்தது. ஒரு நாள் அப்பா, டீசலுக்கு மாறச்சொல்லி ஆர்டர் வந்த அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்ததைச் சொன்னார். "ஸ்டீம் போச்சேன்னு இல்லடா. இந்த வயசுல திரும்பப் படிச்சு பாஸ் பண்ணணுமேன்னு பயம்." நான் அதுவரை அது புகை வண்டி மேல் இருந்த பாசம் என்றே கதை சொல்லிக்கொண்டிருந்தேன், இந்தப் பதிவிலேயே ஒரு முறை எழுதியும் இருக்கிறேன். அந்தப் பதிவைத் திருத்த வேண்டும்.

வந்தே பாரத்துக்கும் ஒரு தீர்வு கண்டோம். பலகையின் பின்பக்கம் ஒரு அகலப் பாதை போட்டாயிற்று. லேஅவுட்டின் ஓரத்தில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. அதில் என்ன வருஷம் எழுதியிருக்கிறதோ அந்த வருஷத்துச் சாமான் மட்டும்தான் பலகை மேல் இருக்கலாம். வருஷத்தை மாற்றினால், பொருந்தாததை எடுத்து வைப்பதும் மாற்றியவர் பொறுப்பு. 2023 என்று எழுதினால் மீட்டர்கேஜ் பாதை மேல் பச்சைத் துணி, கரி இன்ஜின் டப்பாவுக்குள், அம்பாசடர் கார்கள் வெளியே. தப்பு கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு கடலைமிட்டாய். போன வாரக் கணக்கில் அப்பா ஐந்து, சின்னவன் மூன்று, நான் பூஜ்யம்.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலை அப்பா சிலேட்டில் 1985 என்று எழுதினார். சின்னவன் என்னென்ன எடுக்கணும் என்று யோசித்துக்கொண்டே கம்பத்தில் கை வைத்தான்.

"அதை விடு," என்றார் அப்பா. "72-ஆ இருந்தாலும், 85-ஆ இருந்தாலும், உன் வந்தே பாரத்தா இருந்தாலும் கம்பி இருக்கும். 1960-ன்னு எழுதினா அப்ப கழட்டு."

உங்கள் வீட்டிலும் ரயில்வேயில் வேலை பார்த்தவர், அல்லது தினமும் ரயிலில் போய்வந்தவர் யாராவது இருப்பார்கள். உங்கள் ஊர் ஸ்டேஷனில் எந்த வருஷம் என்னென்ன நின்றது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் ஞாபகத்தில் எந்தக் கம்பி காணாமல் போயிருந்தது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

பி.கு.: தங்கமணி இந்தப் பதிவைப் படித்துவிட்டார். மூன்றாவது ரூமின் வாசலில் இப்போது இன்னொரு சிலேட்டு தொங்குகிறது. 'இந்த ரூம் பெருக்கப்பட்ட கடைசி வருஷம்' என்று எழுதியிருக்கிறது. வருஷத்தை நான் சொல்வதாக இல்லை.